சாவு வீட்டுக்குப் போகிற அம்மா

யமுனா,

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறின பிறகு எழுது என்று உன் அப்பா சொன்னார். ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன். உனக்குப் பிடித்த முறுக்கைச் சுட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். அதனால் கோபம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற தினேஷிடம் காட்டு. அவன் அம்மாவிடம் காட்டு. உன் ஆபீஸ் தோழிகளிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டு. மறைக்கிற மாதிரி நான் எதுவும் செய்யவில்லை, எழுதப் போவதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் இரண்டு கேட்டாய். கல்யாணம் முடிகிற வரைக்கும் நான் சங்கத்துப் பக்கம் போகக் கூடாது. தேன்மொழியை முகூர்த்தத்துக்குக் கூப்பிடக் கூடாது. கத்திக் கேட்கவில்லை, அழுதுகொண்டே கேட்டாய். கடைசியில் மட்டும் ஒரு வார்த்தை ஊசி மாதிரி வந்தது. "யார் யாரோ வீட்டுச் சாவுக்கு ஓடுறியேம்மா, எனக்குன்னு ஒரு நாள் உன்னால நிக்க முடியாதா?" நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். இரண்டுக்கும் என் பதில் முடியாது என்பதுதான். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் வேறு பதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததையெல்லாம் என் வாயால் நீ கேட்க வேண்டும். இதுவரைக்கும் நீ கேட்டதெல்லாம் அடுத்தவர் வாயால்தான்.

நான் எப்படி இந்தச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நீ வேலை கிடைத்து ஊரை விட்டுப் போன வருஷம்தான் நானும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணமான புதிதில் சேர்ந்து, முட்டி தேய்கிற வரைக்கும் சிப்பாய்களுக்குச் சீருடை தைத்தவள் நான். காலரும் கைப்பட்டியும் என் விரலுக்குக் கீழே ஓடின. அதைப் போட்டுக்கொள்கிறவன் யார், அவனுக்கு வீடு எங்கே என்று நான் யோசித்ததில்லை. தைக்கிற வேலையில் யோசித்தால் ஊசி விரலில் ஏறும். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஆவடியில் ரயில் ஏறினேன். எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பரமக்குடிப் பக்கத்துப் பெண். புருஷன் பனிமலையில் எங்கேயோ காவல் நிற்கிறான், குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல், ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று தெரியவில்லை. சொந்த ஊரில் தைரியசாலியாக இருந்திருப்பாள். இங்கே வாயைத் திறந்து வழி கேட்கக் கூட வெட்கப்பட்டாள். அன்றைக்கு என் வேலையை விட்டுவிட்டு அவளோடு போனேன். குழந்தையை நான் வைத்துக்கொண்டேன், அவள் டாக்டரிடம் பேசினாள். அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான் மும்தாஜ் அக்காவைப் பார்த்தேன். ராணுவத்தில் சுபேதாராக இருந்து இறந்துபோனவரின் மனைவி. அவரும் வேறொரு சிப்பாயின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "யாரும்மா இது, உன் மருமகளா?" என்று கேட்டார். ரயிலில் பார்த்த பெண் என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப எங்க சங்கத்துல சேர்ந்துடு, நாங்களும் அப்படித்தான்" என்றார்.

சங்கம் என்றால் நீ பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. பட்டாபிராமில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. படையில் இருக்கிறவர்களின் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தெருக்களில் வாடகைக்கு இருக்கின்றன. எல்லையில் நிற்கிறவனைப் பற்றிப் பெருமையாகப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அவன் பெண்டாட்டிக்கு இடுப்பு வலி வந்தால் ஆட்டோ பிடித்துக் கூடப்போக ஆள் இல்லை. நாங்கள் போகிறோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கக் கூடப்போகிறோம். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றால் காத்திருக்கிற பெஞ்சில் உட்காருகிறோம். புருஷனிடமிருந்து ஒரு வாரம் பேச்சே இல்லை என்று ஒருத்தி பயந்துபோய் வந்தால், எங்கே யாரைக் கேட்பது என்று மும்தாஜ் அக்காவுக்குத் தெரியும். அது தெரிகிற வரைக்கும் அவளுக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். சாவு வீட்டை விடப் பிள்ளை பெற்ற வீட்டுக்குத்தான் நான் அதிகம் போயிருக்கிறேன். ஆனால் அதை யாரும் பேசுவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிற அம்மா என்று எனக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

இனி தேன்மொழி. பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் குடியிருக்கிறாள். உன்னை விட ஒரு வயது சின்னவள். புருஷன் சதீஷ் படையில் வண்டி ஓட்டுகிறவன். யு.கே.ஜி. படிக்கிற மகள் மித்ரா. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் வந்து கூட இருந்தார். போன மழைக்காலத்தில், சதீஷ் ஓட்டிய லாரி மலைப் பாதையில் மண் சரிந்து பள்ளத்தில் உருண்டுவிட்டது. செய்தி வந்த காலையில் மும்தாஜ் அக்கா என்னைக் கூப்பிட்டார், போனேன். சாவு வீட்டில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று நினைக்கிறாய்? ஒப்பாரி வைப்பதில்லை. ஆறுதல் சொல்வதும் இல்லை, அந்த நேரத்தில் எந்த வார்த்தையும் காதில் ஏறாது. குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்போம். குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துப் பக்கத்து வீட்டில் தூங்க வைப்போம். வீட்டிலிருக்கிற போன்களுக்குச் சார்ஜ் போடுவோம், ஏனென்றால் எந்த நேரமும் தலைமையிடத்திலிருந்து அழைப்பு வரும். கேமராவோடு உள்ளே வர நினைக்கிறவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவோம். அவ்வளவுதான். இதில் தீட்டு எங்கே ஒட்டுகிறது என்று உன் மாமியார் வீட்டில் யாராவது எனக்குச் சொல்லட்டும்.

சதீஷ் கொடி போர்த்தி வந்தான். தெரு முழுக்கக் கூட்டம். முக்கில் பிளெக்ஸ் வைத்தார்கள், அதில் சதீஷின் முகத்தை விடப் பெரிதாக வேறு யார் யாரோ முகங்கள். மைக்கில் பேசினார்கள். துப்பாக்கி வெடித்து மரியாதை செய்தார்கள். மித்ரா காதைப் பொத்திக்கொண்டு என் இடுப்பில் முகத்தைப் புதைத்தாள். எல்லாம் முடிந்து தெரு காலியானதும், அந்த வீட்டில் மிஞ்சியது ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரு குழந்தை. நாங்கள் முறை வைத்துக்கொண்டு போய் வந்தோம். ஒரு மத்தியானம் தேன்மொழி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்துக் குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பூவும் மஞ்சளும் வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் உடைத்துத் தாலியைக் கழற்றுவார்கள், அது வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மித்ரா கேட்டாக்கா. அம்மா நீ என்ன தப்பு பண்ணன்னு. யாரோ பேசிக்கினு இருந்ததைக் கேட்டுகினு வந்து கேக்குறா. அதை அவ பாக்கக் கூடாது. பாத்தா, அப்பா செத்ததுக்கு அம்மா தண்டனை வாங்குனான்னுதான் நெனைப்பா. நான் வேணாம்னு சொல்லுவேன். சொல்லும்போது நீங்க பக்கத்துல நிக்கிறீங்களா?"

நிற்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை யமுனா. யோசிக்காமல் நான் செய்த நல்ல காரியங்கள் குறைவு, அதில் இது ஒன்று.

பதினாறாம் நாள் காலையில் நானும் மும்தாஜ் அக்காவும் போனோம். குடியாத்தத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். சமையல்காரர் சாம்பாரும் வடையும் பாயசமும் செய்துகொண்டிருந்தார். பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மணை போட்டு, தாம்பாளத்தில் வளையல்களும் பூவும் வைத்திருந்தார்கள். நான் போய்ப் பின்வாசல் நிலையில் நின்றுகொண்டேன். சதீஷின் பெரியப்பா வந்து நகரச் சொன்னார். நான் நகரவில்லை. "நீ யாரும்மா? இன்னா மொற ஒனக்கு இந்த ஊட்டுக்கு?" என்று கேட்டார். முறை ஒன்றும் இல்லை, அந்தப் பெண் நிற்கச் சொன்னாள், நிற்கிறேன் என்றேன். சங்கம் என்றால் அரிசி பருப்பு கொடுத்துவிட்டுப் போக வேண்டும், சடங்கில் குறுக்கே நிற்கக் கூடாது என்றார். பிறகு மும்தாஜ் அக்காவின் முக்காட்டைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். அக்கா உள்ளே போய், சுவரோரம் உட்கார்ந்திருந்த தேன்மொழிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தேன்மொழிதான் எழுந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பெரிய மாமா, அவரு நாட்டுக்காகப் போனாருன்னு நீங்கதான் மைக்குல சொன்னீங்க. அப்ப நான் இன்னா தப்பு செஞ்சேன்? எனக்கு எதுக்கு இது? என் பொண்ணு பாத்துகினு கீறா. வேணாம் மாமா." ஒரு வயதான அத்தை வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. தனக்கு நடந்தது இவளுக்கும் நடக்க வேண்டும், அதுதான் ஒழுங்கு என்று நம்புகிறவர். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். முறுக்கவில்லை, தள்ளவில்லை. பிடித்தேன், அவர் விடுகிற வரைக்கும் பிடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வேன் கிளம்பிவிட்டது. ஒருவரும் கை நனைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்ததுதான் கஷ்டம். அண்டா நிறையச் சாப்பாடு, சாப்பிட ஆள் இல்லை. மாமியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மகனும் போய், சொந்தமும் போய், அவருக்கு என்ன மிச்சம்? செய்தது சரிதானா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்போது மித்ரா வந்து பாட்டியின் முதுகைத் தட்டி வடை கேட்டாள். அவர் திரும்பாமலே கையை நீட்டி ஒரு வடை எடுத்துப் பிட்டு ஊதிக் கொடுத்தார். குழந்தை தின்றது. அடுத்த விள்ளலை அவர் தன் வாயில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். செய்தி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுததாகத் தேன்மொழி பிறகு சொன்னாள். மீதிச் சாப்பாட்டைத் தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். நானும் மும்தாஜ் அக்காவும் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தோம். இப்போது தேன்மொழி அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்கு வருகிறாள். அந்த மாமியார் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் காலையில் மருமகள் படி இறங்கும்போது, பின்னாலிருந்து பூவை நீட்டுவது அவர்தானாம்.

வேனில் வந்த யாரோ அதைப் போனில் படம் பிடித்திருந்தார்கள். நான் அந்த அத்தையின் கையைப் பிடித்தது மட்டும்தான் அதில் இருந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு கிழவியின் கையை நான் முறுக்குகிற மாதிரி தெரிந்தது. குரூப் குரூப்பாகச் சுற்றி, உனக்கும் தினேஷுக்கும் நிச்சயம் ஆன பிறகு, உன் மாமியார் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்த நாள்தான் நீ இதற்காக முதல்முறை எனக்குப் போன் செய்து, அவர்கள் வீட்டில் வருத்தப்படுகிறார்கள், கொஞ்ச நாளைக்குச் சங்கத்துக்குப் போகாதே என்று பதமாகச் சொன்னாய். உன்னை நடுவில் நிறுத்தி வேடிக்கை பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நானே நேரில் போய்ப் பேசிவிடுகிறேன் என்று உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே என்ன பேசினோம் என்று உனக்குச் சுருக்கமாகத்தான் சொல்லியிருப்பார்கள். முழுசாகக் கேள்.

உன் மாமியார் மரியாதையானவர், அதில் குறை சொல்ல மாட்டேன். காபி கொடுத்தார். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நல்ல காரியம்தான் செய்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். பிறகு மெதுவாக வந்தார். "ஒரு வீடு விடாம சாவுக்குப் போயிட்டு வர்ற கை. அதே கையால தாலித் தட்டைத் தொட்டுக் குடுக்கணும்னா, எங்க மனசு கேக்கலைங்க." அந்தக் கையைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாதே என்றேன். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் உன் மாமனார் சிரித்துவிட்டார். பிறகு அவர்கள் இரண்டைக் கேட்டார்கள், பின்னால் நீ என்னிடம் கேட்ட அதே இரண்டு. தேன்மொழி ரிசப்ஷனுக்கு வரட்டும், முகூர்த்தத்துக்கு வேண்டாம் என்றார்கள். நான் சொன்னேன், அவள் முகூர்த்தத்துக்குத்தான் வருவாள், வந்து என் பக்கத்தில் நிற்பாள், சங்கத்துக்கும் நான் போவேன். அப்படியானால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்கிறீர்களா என்று உன் மாமியார் கேட்டார்.

உன் அப்பா போகிற வழியிலேயே சொல்லியிருந்தார், நீ பேசு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. வாழ்நாள் முழுக்க ராணுவ டாங்கி செய்கிற இடத்தில் இரைச்சலுக்கு நடுவில் வேலை பார்த்தவர், வீட்டிலும் வெளியிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணம் வேணுங்க. எங்க பொண்ணு உங்க பையன மனசார ஒத்துக்கிட்டா. ஆனா என் பொண்டாட்டியில பாதிய வீட்ல விட்டுட்டு, மீதிய மட்டும் மணமேடைக்குக் கூட்டியாரச் சொல்றீங்க. அது என்னால ஆவாது." பஸ்ஸில் திரும்பி வரும்போது, கெடுத்துவிட்டோமோ என்று அவர்தான் பயந்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்குக் காற்று வாங்கப் போனால் நாள் முழுக்க வாய் திறக்காத மனிதர், அன்றைக்கு ஆவடி வரும் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். உன் முகம்தான் கண்ணில் நின்றது. ஆனால் பயத்தோடேயே சொன்னேன், சொன்னது சரி என்று.

பல நாள் அங்கேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் தினேஷ் பைக்கில் வந்து இறங்கினான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அத்தே, அந்த வீடியோவ நூறு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. நான் ஒரு தடவ உங்ககூட வந்து பாக்கலாமா?" என்றான். அன்றைக்குக் கல்பனா என்று சிவகங்கைப் பக்கத்துப் பெண்ணுக்குப் பிரசவம். மும்தாஜ் அக்கா முதல் நாளே அவளோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வா என்று கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் மணிக்கணக்காக நின்றான். டீ வாங்கி வந்தான், மருந்துக் கடைக்கு ஓடினான், பாதி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் சாய்ந்து நின்றான். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. மும்தாஜ் அக்கா துணியில் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினார். கல்பனாவின் புருஷன் இருக்கிற இடத்தில் சிக்னல் எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. என் பழைய போனில் படம் தெரியாது. தினேஷ் தன் போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். அடித்து அடித்து நின்றது. பத்து முறையாவது கூப்பிட்டிருப்பான். சட்டென்று திரையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு முகம். இவனைப் பார்த்து அந்தப் பையன் மிரண்டுபோய், "அண்ணே, நீங்க யாரு? கல்பனாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டான்.

தினேஷ் என்னைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னான், "நான் சங்கத்து ஆளு. ஒண்ணும் பயப்படாதீங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, இந்தா பாருங்க உங்க பொண்ணு." போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தான். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். போகவில்லை, அவன் அழுதுகொண்டிருந்தான். நின்று பேசாமல் அழுகிற ஆம்பிளையை உன் தினேஷ் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். போனை அவன் கீழே இறக்கவில்லை. படம் தானாக அணைந்து போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குப் போய் அவன் என்ன சொன்னானோ எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து உன் மாமியார் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு வரட்டும். நீங்களும் உங்க வேலையப் பாருங்க. என்னை மட்டும் இதைப் பத்தி எதுவும் கேக்காதீங்க" என்றார். கேட்க மாட்டேன் என்றேன். அவர் மனம் மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. மாறாவிட்டாலும் வழி விட்டாரே, அதற்கு என் நன்றியைச் சொன்னேன். ஆக, உன் மாமியார் வீட்டார் இறங்கி வந்துவிட்டார்கள். தினேஷ் வந்துவிட்டான். நீதான் இன்னும் வரவில்லை. அவர்கள் சொல்லி நீ கேட்டாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, அது உன் ஆசையும்தான் என்று. அதனால்தான் இந்தக் கோபம். கோபமா, வலியா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ ஒரு புது வீட்டுக்குப் போகிறாய். அங்கே உன்னிடமும் இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே, இன்னாரோடு சேராதே என்று ஒருநாள் யாராவது சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், காபி கொடுத்துத்தான் சொல்வார்கள். ஏன் என்று ஒரு தடவை கேள். நியாயமாக இருந்தால் செய். நாலு பேர் பேசுவார்கள் என்பது மட்டும்தான் காரணம் என்றால் செய்யாதே. அப்படிச் சொல்லிவிட்டு நிற்கும்போது கால் நடுங்கும். நடுங்கட்டும். நடுங்குகிற காலாலும் நிற்கலாம், நான் நின்றிருக்கிறேன். தேன்மொழி என் கண் முன்னால் நின்றாள். அவளைத்தான் நீ முகூர்த்தத்துக்கு வேண்டாம் என்கிறாய். அவள் வருவாள். பொட்டு வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் வரிசையில் உட்காருவாள். அவளைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், உன் கல்யாணம் என்பதற்காக நான் வாயை மூடிக்கொள்ள மாட்டேன். நீயும் மூடிக்கொள்ளக் கூடாது என்பது என் ஆசை. அது உன் இஷ்டம், கட்டாயப்படுத்த மாட்டேன்.

உனக்கென்று ஒரு நாள் என்னால் நிற்க முடியாதா என்று கேட்டாயே, அதற்குப் பதில். அந்தக் கேள்வியில் இருக்கிற நியாயம் எனக்குத் தெரிகிறது. நீ ஸ்கூலில் ஆடிய நாளில் எனக்கு ஷிப்ட். உனக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாதான் வேப்பிலை பரப்பினார். வேலைக்குப் போகிற அம்மாவுக்குப் பிறந்தாய், அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய். ஆனால் ஒரு நாள் கேட்டாய், தருகிறேன். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் என் போனை அணைத்து உன் அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிடுவேன். உனக்கு நான்தான் தலை பின்னுவேன், நான்தான் புடவை கட்டிவிடுவேன். மூன்றாவது முடிச்சு விழுகிற வரைக்கும் யார் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. நான் உன் அம்மா மட்டும்தான். முடிச்சு விழுந்ததும் அட்சதை போட்டுவிட்டு, போனை வாங்கி ஆன் செய்வேன். அது அடித்தால் எடுப்பேன். பிள்ளை பிறக்கிற வீடோ, சாவு வீடோ, எதுவென்றாலும் பந்திக்குக் காத்திருக்காமல், உடுத்தின பட்டோடேயே மண்டபத்தை விட்டு இறங்கிப் போவேன். நீ மாலையோடு மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். யார் உன்னிடம் எங்கே போகிறார் உன் அம்மா என்று கேட்டாலும், தலையைக் குனியாமல் சொல்.

அம்மா